அரை மணி நேரத்தில் மூடவேண்டிய கணக்கு எட்டரை மணி நேரம் திறந்திருக்குமா? - 'குக்கீ' தேதியில் ஒளிந்திருக்கும் கோளாறு

இணையத்தளத்தில் வேலை முடிந்தது. அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் கணக்கு தானாகவே மூடிக்கொள்ளும் என்று தளம் சொல்கிறது. அதை நம்பி எழுந்து போகிறீர்கள்.

உண்மையிலேயே மூடியதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்?

தேதி, நேரத்தை எழுதும் விதத்தில் ஒரு சின்னத் தவறு போதும். அந்த அரை மணி நேரம் எட்டரை மணி நேரமாகிவிடும். நியூயார்க்கில் அதே தவறு நடந்தால் முதல் நாளே மாட்டிக்கொள்ளும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும்.

அது ஏன்? கண்டுபிடிப்பது எப்படி? சரிசெய்வது எப்படி? பார்ப்போம்.

முதலில், 'குக்கீ' என்றால் என்ன?

இணையத்துக்கு மறதி அதிகம். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், "நீங்கள் யார்?" என்றுதான் சர்வர் மறுபடியும் பார்க்கும்.

அதற்குத் தீர்வாக 1994ஆம் ஆண்டு வந்ததுதான் 'குக்கீ'. அதை உருவாக்கியவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொண்டுலி.

அலுவலகக் கட்டடத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே பாதுகாவலரிடம் அடையாள அட்டையைக் காட்டினால் வருகையாளர் 'பாஸ்' ஒன்று தருவார். அதன் பிறகு ஒவ்வொரு மாடியிலும் அடையாள அட்டையை எடுக்க வேண்டாம். 'பாஸை'க் காட்டினால் போதும்.

குக்கீயும் அப்படித்தான். ஒருமுறை கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே நுழைந்ததும், சர்வர் உங்கள் உலாவியிடம் ஒரு சிறு குறியீட்டைக் கொடுக்கும். அடுத்தடுத்த பக்கங்களில் உலாவி அதைக் காட்டும்.

அதனால்தான் அது முக்கியம். அந்தக் குறியீடு யார் கையில் இருக்கிறதோ, அவரைத்தான் தளம் 'நீங்கள்' என்று நினைக்கும். கடவுச்சொல்லே தேவையில்லை.

'பாஸ்' எப்போது காலாவதியாகும்?

சர்வர் அதை இரண்டு விதமாகச் சொல்லலாம்.

• 'எக்ஸ்பைர்ஸ்': "இந்தத் தேதி, இந்த மணிக்குக் காலாவதி" என்று நேரத்தைக் குறிப்பிடுவது.

• 'மேக்ஸ்-ஏஜ்': "இப்போதிலிருந்து இத்தனை விநாடிக்குச் செல்லும்" என்று கால அளவைக் குறிப்பிடுவது.

இரண்டும் இருந்தால் 'மேக்ஸ்-ஏஜ்' சொல்வதைத்தான் உலாவி கேட்கும்.

இரண்டுமே இல்லாவிட்டால்? உலாவியை மூடும்வரை குக்கீ இருக்கும். ஆனால் "விட்ட இடத்திலிருந்து தொடரவும்" என்று உலாவியில் அமைத்திருந்தால், மூடித் திறந்த பிறகும் அது திரும்ப வரலாம். பலருக்கு இது தெரியாது.

8 மணி நேரம் எங்கிருந்து வருகிறது?

'எக்ஸ்பைர்ஸ்' நேரத்தைக் கிரெனிச் நேரப்படிதான் எழுதவேண்டும். அது விதி.

1982 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் கிரெனிச் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கின்றன. அதற்குமுன் அது ஏழரை மணி நேரம்.

கோளாறு எப்படி வருகிறது? நிரலை எழுதுபவர் சர்வர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உள்ளூர் நேரத்தை எடுக்கிறார். அரை மணி நேரத்தைக் கூட்டுகிறார். கடைசியில் 'ஜிஎம்டி' என்று ஒட்டிவிடுகிறார். எட்டு மணி நேரத்தைக் கழிக்க மறந்துவிடுகிறார்.

இதே தவறான நிரல் மூன்று நகரங்களில் ஓடினால் என்ன ஆகும்? மாலை 3 மணிக்கு ஒருவர் உள்ளே நுழைகிறார். எல்லா இடத்திலும் காலாவதி "3.30 ஜிஎம்டி" என்றுதான் எழுதப்படுகிறது.

• நியூயார்க் (குளிர்காலம்): அங்கே மாலை 3 மணி என்றால் கிரெனிச்சில் இரவு 8 மணி. குக்கீ நாலரை மணி நேரத்துக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. யாராலும் உள்ளே நுழைய முடியாது. வாடிக்கையாளர்கள் உடனே தொலைபேசியில் அழைப்பார்கள். அன்றே சரிசெய்துவிடுவார்கள்.

• லண்டன் (குளிர்காலம்): உள்ளூர் நேரமும் கிரெனிச் நேரமும் ஒன்றுதான். கோளாறு இருப்பதே தெரியாது. மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். அப்போதுதான் ஒரு மணி நேர வித்தியாசம் தொடங்கும்.

• சிங்கப்பூர், கோலாலம்பூர்: கிரெனிச்சில் மாலை 3.30 என்றால் இங்கே இரவு 11.30. உள்ளே நுழைவது எளிதாக நடக்கும். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் குக்கீ எட்டரை மணி நேரம் உயிரோடு இருக்கும்.

இங்கே யாரும் புகார் செய்யமாட்டார்கள். "என் கணக்கு அதிக நேரம் திறந்திருக்கிறது" என்று யார்தான் அழைத்துச் சொல்வார்கள்?

வீட்டில் எல்லாரும் பகிரும் கணினி, அலுவலக முகப்பில் இருக்கும் கணினி, துணைப்பாட நிலையத்தில் இருக்கும் கணினி... அடுத்து உட்காருபவர் அதே தளத்தைத் திறந்தால் உங்கள் கணக்கு அவர் முன்னால் நிற்கும். ஆபத்து அங்கேதான்.

"நான்தான் 'வெளியேறு' அழுத்திவிட்டேனே!"

நல்ல பழக்கம்தான். ஆனால் அதே தவறு அங்கேயும் நுழையலாம்.

உலாவியில் இருக்கும் குக்கீயை அழிக்கும்படி சர்வர் கேட்பது எப்படி தெரியுமா? அதே பெயரில் இன்னொரு குக்கீயை அனுப்பும். அதன் காலாவதி நேரத்தைக் கடந்துபோன நேரமாகப் போடும். உலாவி பார்த்துவிட்டு, "ஓ, இது முடிந்துபோனதா" என்று அழித்துவிடும்.

சில நிரல்களில் "ஒரு மணி நேரத்துக்கு முன்" என்று போடுவார்கள். மாலை 3 மணிக்கு நீங்கள் வெளியேறினால் பிற்பகல் 2 மணி. அதை அப்படியே 'ஜிஎம்டி' என்று எழுதினால் சிங்கப்பூரில் இரவு 10 மணி. கடந்துபோன நேரம் அல்ல, இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது!

குக்கீ அழியாது. சர்வர் தன் பக்கத்திலும் கணக்கை மூடாமல் விட்டிருந்தால், 'வெளியேறிவிட்டீர்கள்' என்ற பக்கம் வெறும் அலங்காரம்தான்.

நேர மண்டலத்தையும் சேர்த்து எழுதினால் சரியாகிவிடுமா?

ஆகாது. பலர் தடுக்கி விழும் இடம் இது.

குக்கீ எப்படி இயங்கவேண்டும் என்று சொல்லும் ஆர்எஃப்சி 6265 எனும் விதிமுறை 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்படி, தேதி வரியிலிருந்து உலாவி எடுத்துக்கொள்வது நாள், மாதம், ஆண்டு, நேரம் ஆகிய நான்கை மட்டும்தான். கிழமையைப் பார்க்காது. நேர மண்டலத்தையும் பார்க்காது. எல்லாவற்றையும் கிரெனிச் நேரமாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆக, முடிவில் '+0800' என்று போட்டாலும் சரி, 'சிங்கப்பூர் நேரம்' என்று போட்டாலும் சரி, பலன் இல்லை.

மலாய் மொழியில் மாதம் வந்தால்...

நம் வட்டாரத்தில் வரக்கூடிய இன்னொரு சிக்கல் இது.

குக்கீயில் மாதத்தின் பெயர் ஆங்கிலத்தின் முதல் மூன்று எழுத்துகளாக இருக்கவேண்டும். சர்வரின் மொழி மலாய் என்று அமைக்கப்பட்டு, நிரல் அதன்படி தேதியை எழுதினால் மாதமும் மலாயில் வந்துவிடும்.

ஜனவரி, பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், ஜூலை, செப்டம்பர், நவம்பர் ஆகிய 7 மாதங்களுக்கு முதல் மூன்று எழுத்து இரு மொழியிலும் ஒன்றுதான். பிரச்சினை இல்லை.

மார்ச், மே, ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் ஆகிய 5 மாதங்களுக்கு எழுத்து வேறு. அந்த மாதம் உலாவிக்குப் புரியாது. காலாவதித் தேதியையே தள்ளிவிடும். 'மேக்ஸ்-ஏஜ்' இல்லாவிட்டால், உலாவியை மூடினால் மறைந்துவிடும் குக்கீயாக அது மாறிவிடும்.

"என்னை நினைவில் வைத்துக்கொள்" என்ற வசதி சில மாதம் வேலை செய்கிறது, சில மாதம் செய்யவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் சிரிக்காதீர்கள். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம்.

ஆண்டு முடிவில் வரும் குழப்பம்

2014 டிசம்பர் 29. சிங்கப்பூர் நேரப்படி காலை 8 மணி. அப்போது டுவிட்டர் என்றழைக்கப்பட்ட 'எக்ஸ்' தளத்தில் பலர் திடீரென்று உள்ளே நுழைய முடியாமல் தவித்தனர். ஐந்து மணி நேரத்துக்கு மேல் அந்த நிலை நீடித்தது. தளத்தின் சர்வர்கள் அன்றைய தேதியை 2015 டிசம்பர் 29 என்று நினைத்துக்கொண்டன. ஓர் ஆண்டு கூடிவிட்டது!

அது எப்படி? நிரலாளர்கள் பலரும் சுட்டியது 'வார ஆண்டு' கணக்கை.

அனைத்துலகத் தர முறையில் வாரம் திங்கட்கிழமை தொடங்கும். ஜனவரியின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ, அதுதான் ஆண்டின் முதல் வாரம். 2015 ஜனவரி 1 வியாழக்கிழமை. எனவே அந்த வாரம் தொடங்கிய 2014 டிசம்பர் 29 திங்கட்கிழமை, வாரக் கணக்கில் 2015ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

நிரல் எழுதும்போது சாதாரண ஆண்டுக்கு ஒரு குறியீடு, வார ஆண்டுக்கு இன்னொரு குறியீடு. சில கணினி மொழிகளில் வித்தியாசம் சிறிய எழுத்தா, பெரிய எழுத்தா என்பது மட்டும்தான். ஆண்டில் பெரும்பாலான நாள்களில் இரண்டும் ஒரே விடையைத் தரும். சோதித்துப் பார்த்தாலும் தெரியாது. டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ மட்டும் வெளியே வரும்.

உள்நுழைவுக் குக்கீயில் இதே தவறு நடந்தால்?

• டிசம்பர் கடைசியில் ஆண்டு ஒன்று கூடினால், குக்கீ ஓர் ஆண்டு அதிகமாக இருக்கும்.

• ஜனவரி முதல் நாள்களில் ஆண்டு ஒன்று குறைந்தால், குக்கீ பிறக்கும்போதே காலாவதி. யாராலும் உள்ளே நுழைய முடியாது.

புத்தாண்டு விடுமுறையில் நிரலாளர் விடுப்பில் இருக்கும் நேரம் பார்த்து வரும் கோளாறு!

இன்னும் இரண்டு

• விநாடியா, மில்லி விநாடியா? 'மேக்ஸ்-ஏஜ்' கணக்கு விநாடியில். அரை மணி நேரம் என்றால் 1,800. மில்லி விநாடி என்று நினைத்து 1,800,000 போட்டுவிட்டால்? குக்கீ 20 நாள் 20 மணி நேரம் இருக்கும்.

• 2038 பிரச்சினை: பழைய 32 பிட் முறையில் நேரத்தை எண்ணும் கணினிகளின் கணக்கு 2038 ஜனவரி 19, சிங்கப்பூர் நேரப்படி காலை 11 மணி 14 நிமிடம் 7 விநாடியோடு நிரம்பிவிடும். அடுத்த விநாடி 1901ஆம் ஆண்டுக்குத் தாவும். "2038தானே, அப்புறம் பார்க்கலாம்" என்று நினைக்கவேண்டாம். குக்கீக்கு 20 ஆண்டு ஆயுள் கொடுத்த பழைய நிரல்கள் 2018இலேயே அந்த எல்லையைத் தொட்டுவிட்டன.

உலாவிகளும் இப்போது கட்டுப்பாடு போடுகின்றன. 2022 ஆகஸ்ட்டில் வந்த குரோம் 104ஆம் பதிப்பிலிருந்து எந்தக் குக்கீக்கும் 400 நாளுக்கு மேல் ஆயுள் கிடையாது.

உங்கள் தளத்தில் கோளாறு இருக்கிறதா? நீங்களே பார்க்கலாம்

சிறு வணிகமோ, சங்கமோ, துணைப்பாட நிலையமோ நடத்துகிறீர்களா? உறுப்பினர் உள்நுழையும் தளம் இருந்தால் ஐந்தே நிமிடத்தில் பார்த்துவிடலாம். நிரல் தெரியவேண்டியதில்லை.

1. கணினியில் குரோம் உலாவியைத் திறந்து உங்கள் தளத்துக்குள் நுழையுங்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. விசைப்பலகையில் எஃப்12 அழுத்துங்கள். 'அப்ளிகேஷன்' பகுதிக்குப் போய் 'குக்கீஸ்' என்பதைத் திறங்கள். (ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அது 'ஸ்டோரேஜ்' பகுதி.)

3. 'எக்ஸ்பைர்ஸ் / மேக்ஸ்-ஏஜ்' என்ற பத்தியைப் பாருங்கள். குரோமில் நேரத்தின் முடிவில் 'இசட்' எழுத்து இருக்கும். கிரெனிச் நேரம் என்று அர்த்தம். அதோடு 8 மணி நேரத்தைக் கூட்டுங்கள்.

4. கிடைக்கும் நேரம் தளம் சொல்லும் கால அளவோடு ஒத்துப்போகிறதா? சரியாக 8 மணி நேரம் அதிகமாக இருந்தால், கோளாறு என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிட்டது.

5. 'வெளியேறு' அழுத்துங்கள். உள்நுழைவுக் குக்கீ பட்டியலிலிருந்து மறைகிறதா என்று பாருங்கள்.

'செஷன்' என்று மட்டும் இருந்தால் அந்தக் குக்கீக்குக் காலாவதித் தேதி இல்லை என்று பொருள். அப்போது கணக்கை மூடும் பொறுப்பு முழுவதும் சர்வரிடம்.

சரிசெய்வது எப்படி?

தளத்தைப் பராமரிப்பவரிடம் இதைக் காட்டுங்கள்.

• 'மேக்ஸ்-ஏஜ்' பயன்படுத்துங்கள். அதில் தேதியே இல்லை, மாதப் பெயர் இல்லை, நேர மண்டலம் இல்லை. வெறும் விநாடிக் கணக்கு. மேலே சொன்ன கோளாறுகளில் பாதி அங்கேயே போய்விடும்.

• 'எக்ஸ்பைர்ஸ்' கட்டாயம் தேவை என்றால், தேதியைக் கையால் கோத்து எழுதாதீர்கள். கணினி மொழியிலேயே குக்கீ எழுதத் தயார்நிலையில் கருவி இருக்கும். அதனிடம் விட்டுவிடுங்கள்.

• சர்வருக்குள் எல்லா நேரத்தையும் கிரெனிச் கணக்கில் வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள்.

• குக்கீயை அழிக்க 'மேக்ஸ்-ஏஜ்' பூஜ்யம் என்று அனுப்புங்கள். தேதிதான் வேண்டும் என்றால் 1970 ஜனவரி 1 போன்ற மிகப் பழைய தேதியைப் போடுங்கள். குக்கீயின் பெயர், பாதை, தள முகவரி மூன்றும் முதலில் கொடுத்ததோடு பொருந்தவேண்டும். இல்லாவிட்டால் பழையது அப்படியே இருக்கும்.

• எல்லாவற்றையும்விட முக்கியம்: சர்வரும் தனியாகக் கணக்கு வைத்திருக்கவேண்டும். குக்கீயில் உள்ள தேதி உலாவிக்குச் சொல்லும் வேண்டுகோள் மட்டுமே. குக்கீயை நகலெடுத்தவர் அந்தத் தேதியை மதிக்கப்போவதில்லை. "இந்த 'பாஸ்' 30 நிமிடமாகப் பயன்படவில்லை, இனி செல்லாது" என்று சர்வரே சொல்லவேண்டும். வெளியேறும்போதும் சர்வர் பக்கத்தில் அந்தக் குறியீட்டை ரத்துசெய்யவேண்டும்.

• சோதிக்கும்போது கடிகாரத்தை மாற்றிப் பாருங்கள். சர்வரின் நேர மண்டலத்தை ஒருமுறை நியூயார்க் என்று வையுங்கள். அங்கே உள்ளே நுழைய முடியாவிட்டால் கோளாறு இருக்கிறது. தேதியை டிசம்பர் 29, ஜனவரி 1, பிப்ரவரி 29 என்றும் மாற்றிப் பாருங்கள்.

சரிசெய்தாயிற்று. அவ்வளவுதானா?

இல்லை. தவறான தேதியோடு ஏற்கனவே கொடுத்த குக்கீகள் வாடிக்கையாளர்களின் உலாவிகளில் இன்னும் இருக்கும். நிரலைத் திருத்தியதால் அவை தானாக மாறாது.

பழைய குறியீடுகள் அனைத்தையும் சர்வரில் ரத்துசெய்யவேண்டும். எல்லாரும் ஒருமுறை மறுபடி உள்ளே நுழையவேண்டியிருக்கும். கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் முன்கூட்டியே தளத்தில் அறிவித்துவிட்டால் வாடிக்கையாளர் புரிந்துகொள்வார்.

அறிவிப்பில் இணைப்பு எதையும் அனுப்பாதீர்கள். "மறுபடி உள்நுழையுங்கள்" என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தி மோசடிக்காரர்கள் விரும்பும் தந்திரம்.

பயனீட்டாளர் என்ன செய்யலாம்?

தளத்தைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை. ஆனாலும் சிலவற்றைச் செய்யலாம்.

• பகிரும் கணினியில் தனிப்பட்ட உலாவல் சாளரத்தைப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் அந்தச் சாளரங்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். குக்கீகளும் அதோடு போய்விடும்.

• "என்னை நினைவில் வைத்துக்கொள்" என்பதை உங்கள் சொந்தச் சாதனத்தில் மட்டும் அழுத்துங்கள்.

• வெளியேறிய பிறகு அதே தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விட்டால் அந்தத் தளத்தின் குக்கீகளை உலாவி அமைப்பில் அழித்துவிடுங்கள். தளத்தை நடத்துபவரிடமும் சொல்லுங்கள்.

• கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே நுழைய முடியவில்லையா? திரும்பத் திரும்ப முகப்புக்கே வருகிறதா? உங்கள் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். கடிகாரம் முன்னே ஓடிப்போயிருந்தால், புதிய குக்கீ வந்ததுமே காலாவதியாகிவிட்டது என்று உலாவி நினைக்கலாம். நேரத்தைத் தானியங்கி முறையில் அமைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

• சில தளங்களில் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்ற வசதி இருக்கும். எங்கேயோ கணக்கைத் திறந்தபடி விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் அதை அழுத்துங்கள். அது சர்வரில் உள்ள குறியீடுகளை ரத்துசெய்யும்.

உள்ளே நுழைய முடியாவிட்டால் நாம் எல்லாரும் உடனே புகார் செய்வோம். வெளியே வந்த பிறகு கதவு பூட்டியதா என்று இழுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அடுத்த முறை ஒரு தளத்திலிருந்து வெளியேறும்போது, ஒரு நிமிடம் ஒதுக்கி இழுத்துப் பாருங்கள்.